நூலைக் கொளுத்திக் காட்டிய பேச்சு

வியாபாரிகளுக்கு நான் சொன்ன யோசனைகளில் எது மிக நன்றாகப் பலித்ததோ, அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

மைசூரில் மண்டி மொஹல்லாவில் ஒரு மளிகை மண்டியின் மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. கீழே மிளகாய் மூட்டை இறங்கும் நாட்களில் தும்மிக்கொண்டேதான் வேலை பார்ப்பேன். பொருளாதாரம் படித்துவிட்டு, ஒரு வியாபாரியிடம் ஆங்கிலக் கடிதம் எழுதும் வேலையில் சேர்ந்தவன் நான். பம்பாயிலிருந்து வரும் வர்த்தகப் பத்திரிகைகளை அவருக்குப் படித்துச் சொன்னதைக் கேட்டு, பக்கத்துக் கடைக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். ஊதுவத்தியை எந்த அளவில் கட்டினால் வெளியூரில் எடுபடும், மழைக்காலத்தில் எந்த ரயிலில் அனுப்பினால் சரக்கு நனையாது, பழைய கூட்டாளியிடமிருந்து மனக்கசப்பில்லாமல் எப்படிப் பிரிவது, இப்படியெல்லாம் கேட்பார்கள். அந்த வேலைக்கு அப்போது ஒரு பெயர் கிடையாது. கன்னடத்தில் என்னை 'புத்தி ஹேளோரு' என்றார்கள், அதாவது புத்தி சொல்கிறவர். என் மனைவிக்கு அது பெரிய வேடிக்கை.

"ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவரு குடையை மறந்துட்டுப் போறீங்க" என்று வாசல்வரை ஓடி வந்து கொடுப்பாள்.

நாங்கள் இருவருமே கொள்ளேகால் பக்கத்து விவசாயக் குடும்பத்தார். வீட்டுக்குள் தமிழ், தெருவில் இறங்கினால் கன்னடம்.

அந்த நாளில்தான் செயற்கைப் பட்டு கப்பலில் வந்து இறங்கத் தொடங்கியது. மரக்கூழிலிருந்து எடுக்கும் நூல் அது. பளபளப்பில் உண்மைப் பட்டு அதனிடம் தோற்றுப்போகும், விலையும் மலிவு. என்னிடம் யோசனை கேட்பவர்களில் பெரியவர் ஒரு சேலைக் கடைக்காரர். அவரிடம் நான், "பாவு நூல் பட்டாகவே இருக்கட்டும். குறுக்கே ஓடுகிற ஊடைக்கு மட்டும் இந்த நூலைப் போட்டு நெய்யச் சொல்லுங்கள். மைசூர்ப் பட்டு தினுசு என்று விற்கலாம்" என்றேன். 'தினுசு' என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அன்று அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

சேலைகள் வந்த வேகத்தில் விற்றன. தீபாவளிக்குக் கடைக்காரர் அரக்கு நிறத்தில் ஒன்றை என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். மனைவி அதைக் கட்டிக்கொண்டு அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தாள். அது என்ன நூல் என்று நான் சொல்லவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு காலையில், என் வயதுள்ள ஓர் அம்மாள் கையில் துணி மூட்டையோடு மாடி ஏறி வந்தார். கொள்ளேகாலிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்.

"யோசனை சொல்றவரு நீங்கதானுங்களா?"

அவர் கணவர் காலமான பிறகு, ஊர் எல்லையில் அவர்களுடைய கொட்டகையை அவரே நடத்திவந்தார். பட்டுக்கூடுகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, இழை பிடித்து, நூலாகச் சுற்றும் வேலை. கொஞ்சம் தடித்த நூல், ஊடைக்குத்தான் ஆகும். அதை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரு வருஷமாக வருவதில்லை. கொட்டகையை நடத்துவதா மூடுவதா என்று கேட்க வந்திருந்தார்.

பத்து நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டேன். வெளிநாட்டு நூலோடு கையால் எடுக்கும் நூல் போட்டி போட முடியாது, மூடிவிடுவதே நல்லது, செம்புத் தொட்டிகளை இப்போதே விற்றுவிடுங்கள் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, ஒரு தீப்பெட்டி இருக்குதுங்களா?"

எடுத்துக் கொடுத்தேன். மூட்டையைப் பிரித்து, நூல் சிட்டத்திலிருந்து ஓர் இழையை உருவி என் மேஜைமேல் பிடித்துக் கொளுத்தினார். அது சுருண்டு, தானாகவே அணைந்தது. முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. நுனியில் திரண்டிருந்த கரிய மணியை நசுக்கினார், பொடியாகிவிட்டது. அடுத்து ஒரு சேலைத் துண்டிலிருந்து இன்னோர் இழையை உருவிக் கொளுத்தினார். அது காகிதம்போலக் குப்பென்று எரிந்து சாம்பலாகிவிட்டது. நாற்றமும் காகித நாற்றம்தான்.

"மொதல்ல எரிச்சது எங்க கொட்டாய்ல எடுத்ததுங்க. ரெண்டாவது, நீங்க யோசனை சொல்ற கடையில பட்டுன்னு சொல்லி என் தங்கச்சி மகளுக்கு வித்த சேலை."

"தினுசு என்று சொல்லித்தானே விற்கிறார்கள்?" என்றேன்.

"தினுசெல்லாம் எங்களுக்கு என்னங்க தெரியும். அவ அதைப் பட்டுன்னு நெனச்சுத்தான் கட்டிட்டு மணவறைல உக்காந்தா." மூட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். "மூடறதா வேண்டாமான்னு கேக்க வந்தேன். மூடச் சொல்லிட்டீங்க. எதனால மூடறேன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கோணுமில்லீங்க, அதுக்குத்தான் காட்டினேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போனேன். மனைவி அரக்குச் சேலையைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். நடுவே ஒரு முழ நீளத்துக்கு இழை விட்டிருந்தது.

"நனைச்சா பிரியுதுங்க இது. நான்தான் பக்குவமில்லாம துவைச்சுட்டேனாட்ட இருக்குது" என்றாள்.

தப்பைத் தன்மேலேயே போட்டுக்கொண்டாள். செயற்கைப் பட்டு நனைந்தால் வலுவிழக்கும் என்று பத்திரிகையில் படித்தவன் நான். கொடிக்கு அந்தப் பக்கம் அவள் நிற்க, இந்தப் பக்கம் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் வந்த அம்மாளைப் பற்றியும் சொன்னேன்.

"அந்தக்காவுக்கு என்ன யோசனை சொன்னீங்க?"

"மூடச் சொன்னேன்."

விட்டிருந்த இழைகளைக் கையால் நீவிவிட்டு உள்ளே போனாள்.

அந்தச் சமயத்தில் ஊரில் சிறிய ரேடியோ நிலையம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பாட்டுக்கும் நாடகத்துக்கும் நடுவே யாரையாவது அழைத்துப் பத்து நிமிஷம் பேசச் சொல்வார்கள். வர்த்தகம் பற்றிப் பேச ஆள் தேடியபோது யாரோ என்னைக் கைகாட்டிவிட்டார்கள். உலக வர்த்தக மந்தத்தைப் பற்றி, அகராதி பார்த்துத் திருத்திய கன்னடத்தில் ஒரு கட்டுரை எழுதி எடுத்துப்போய்ப் படித்தேன். சொந்தமாக ரேடியோ வைத்திருந்தவர்கள் அப்போது சிலர்தான். மற்றவர்கள் பூங்காவில் கட்டியிருந்த ஒலிபெருக்கியின் கீழ் உட்கார்ந்து கேட்பார்கள். என் மனைவியும் அங்கே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"எப்படி இருந்தது?"

"குரல் நல்லாத்தான் இருந்துச்சுங்க."

"பேச்சு?"

"கடலை விக்கறவன், 'இவரு யாருக்குப் பாடம் ஒப்பிக்கறாரு'ன்னு கேட்டான். எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வந்தது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "கேக்கறவங்கள்ல பாதிப் பேரு பொம்பளைங்க. அந்தத் தீக்குச்சி சமாசாரத்தைச் சொல்லுங்களேன். அது எல்லாருக்கும் புரியும்."

எளிதாகச் சொல்லிவிட்டாள். அந்தச் சேலைக் கடைக்காரரை வைத்துத்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நிலையத்தார் மறுபடி அழைத்தபோதும் கோதுமை விலையைப் பற்றிப் பேசுவதாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். பேசும் நாளன்று சட்டையை மாட்டும்போது சட்டைப்பையில் எதுவோ தட்டுப்பட்டது. ஒரு தீப்பெட்டியும், பிரிந்த சேலையிலிருந்து உருவிய நூலும். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வரவில்லை.

பேசும் அறையின் சுவர் முழுவதும் எதிரொலி வராமலிருக்கக் கனத்த திரைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மைக்கின் முன் உட்கார்ந்து தாளை மடித்து வைத்தேன். குச்சியை உரசினேன். நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர் திரை பற்றிக்கொள்ளுமோ என்று பதறி, தண்ணீர்க் கூஜாவைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கடைசிவரை அப்படியே நின்றார்.

"இப்போது ஒரு தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டிருப்பீர்கள்" என்று, தமிழ் வாடை அடிக்கும் என் வீட்டுக் கன்னடத்திலேயே ஆரம்பித்தேன். எந்த நூல் எப்படி எரியும், எந்த நாற்றம் வரும் என்று மேஜைமேல் பார்த்ததை அப்படியே சொன்னேன். சேலையைக் கொளுத்திவிட வேண்டாம், தலைப்பின் ஓரத்தில் குறுக்கே ஓடும் இழை ஒன்றை உருவி, தள்ளிவைத்துப் பாருங்கள் என்றேன். செயற்கைப் பட்டை விற்பது தவறில்லை, பட்டு என்று நினைக்கவைத்து விற்பதுதான் தவறு என்றேன். பிறகு, "அப்படி விற்க யோசனை சொன்னவன் நான்தான்" என்றும் சொல்லிவிட்டேன். அதோடு பேச்சை முடித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு நிமிஷம் மீதி இருந்தது. அவர் கூஜாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு வீணை இசைத்தட்டைப் போட்டார்.

மறுநாள் ஜவுளிக் கடைகளுக்குப் பெண்கள் தீப்பெட்டியும் கையுமாக வந்தார்கள். பதினோரு மணிக்குக் கடைக்காரரிடமிருந்து ஆள் வந்தது. போனேன். அவர் பல வருஷமாக மைசூரில் இருக்கும் தமிழர். கோபம் வந்தால் பேச்சில் கன்னடம் கலக்கும்.

"காலைல இருந்து மூணு தலைப்பு கருகிப் போச்சு சுவாமி. என் உப்பைத் தின்னுட்டு ஊருக்குத் தீக்குச்சி குடுக்கறீங்க. ஆய்து, ஆச்சு, சொன்னது சொன்னீங்க. எனக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அது நியாயமான கேள்வி. "சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. நானும் உங்க பேச்சைக் கேட்டிருப்பேன். எனக்கு அவ்வளவுதான் தைரியம்" என்றேன்.

கருகிய தலைப்பு ஒன்றை மடித்து ஓரமாக வைத்தார். "இனிமே இங்க பரபேடா, வராதீங்க" என்றார். குரலில் முன்பிருந்த சூடு இல்லை.

அந்த மாதத்துக்குள் மற்ற வியாபாரிகளும் ஒவ்வொருவராக விலகினார்கள். மாடி அறையைக் காலி செய்துவிட்டு, மாலை நேரங்களில் வர்த்தகக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு ஒன்று நடத்தினேன். வீட்டில் நெல்லுச் சோறு குறைந்து ராகிக் களி கூடியது. மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. களி கிண்டுவதில் அவள் கெட்டிக்காரி என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் தபால்காரர் வர ஆரம்பித்தார். 'தீக்குச்சிப் பேச்சுக்காரருக்கு' என்று மட்டும் போட்டு, நிலையத்தின் விலாசத்துக்குக் கார்டுகள் வந்தன. கன்னடம், தமிழ், உருது எல்லாம் இருந்தன. பெருங்காயத்தில் கோந்து எவ்வளவு கலப்பார்கள்? நல்ல விளைச்சல் வந்தால் விவசாயி ஏன் கஷ்டப்படுகிறான்? ஒரே சோப்பு இரண்டு பெயரில் ஏன் விற்கிறது? நிலையத்தார் எனக்கு வாரம் ஒரு நாள் கொடுத்தார்கள். காலையில் மார்க்கெட்டில் அலைந்து விசாரிப்பேன். மாலையில் தாளில்லாமல் பேசுவேன். தெரியாததைத் தெரியாது என்பேன். அப்படிச் சொன்ன வாரங்களில் கார்டுகள் இன்னும் அதிகமாக வந்தன, பதில் தெரிந்தவர்களிடமிருந்து.

ஆறு மாதம் கழித்து அந்தச் சேலைக் கடை வழியாகப் போனபோது கடைக்காரர் கைதட்டிக் கூப்பிட்டார். உள்ளே சேலைகளை இரண்டு அடுக்காகப் பிரித்து, 'பட்டு' என்றும் 'செயற்கைப் பட்டு' என்றும் பலகை வைத்திருந்தார். பட்டு அடுக்கின் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"யார் வேணும்னாலும் கொளுத்திப் பாக்கலாம்னு வெச்சிருக்கேன். காசு இல்லாதவங்க செயற்கைன்னு தெரிஞ்சே வாங்கிட்டுப் போறாங்க. மறைச்சு விக்கறதுல எத்தனை சிரமம் இருந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். பழையபடி யோசனை சொல்ல வரும்படி அவர் கேட்கவில்லை. எனக்கும் போக ஆசையில்லை.

அந்தப் பங்குனி மாதத்தில் கொள்ளேகாலிலிருந்து ஒரு கார்டு வந்தது. 'ஞாயிற்றுக்கிழமை இங்கே நூல் எடுப்பவர்கள் கூடுகிறோம். முடிந்தால் வரவும். கொட்டகை நடக்கிறது.' மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன்.

கொட்டகையில் வெந்த கூட்டின் நாற்றம் தூக்கி அடித்தது. தொட்டிகள் வரிசையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. அந்த அம்மாள் மோர் கொடுத்தார்.

"நான் உங்களுக்குச் சொன்ன யோசனை தப்புங்க" என்றேன்.

"தப்புதானுங்க" என்றார் சாதாரணமாக. "நீங்க சொன்ன மாதிரி தொட்டியெல்லாம் கழுவிக் கவுத்துக்கூட வெச்சுட்டோம். விக்கறதுக்கு ஆளும் பேசியாச்சு. அப்பத்தான் நெசவுக்காரரு ரெண்டு பேரு மைசூர்ல இருந்து வந்தாங்க. 'கடைல எல்லாரும் கொளுத்திப் பாக்கறாங்க, நெசப் பட்டு ஊடை வேணும்'னு நின்னாங்க. மறுபடி அடுப்பைப் பத்த வெச்சோம்."

சுற்றுவட்டாரத்திலிருந்து நூல் எடுப்பவர்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் பெண்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே தரத்தில் நூல் எடுத்து, ஒரே அடையாளச் சீட்டைக் கட்டி விற்பது என்பது அவர்கள் எண்ணம். நான் பேசுவதற்காகத் தொண்டையைச் செருமினேன்.

"இன்னைக்கு நீங்க கேளுங்க" என்றார் அந்த அம்மாள். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கேட்டேன். மூன்று மணி நேரம் சண்டை போட்டார்கள். சீட்டில் பட்டுப்புழு தின்னும் முசுக்கொட்டை இலையைப் போடுவதா, மயிலைப் போடுவதா என்பதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. நூல் மட்டமாக வந்தால் யார் திருப்பி எடுத்துக்கொள்வது என்று ஒரு பெண் கேட்டாள். என் பத்திரிகைகள் எதிலும் நான் படிக்காத நல்ல கேள்வி அது. அதற்கு அவர்களே ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் முடிவாயிற்று. அடையாளத்தைப் பதிவு செய்ய அரசாங்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுத வேண்டும், அதை மட்டும் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். ஒரு கூடைத் தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். மயிலா, இலையா என்று கேட்டேன்.

"இலைங்க" என்றது பாய் முழுவதும்.