தட்டிப் பார்த்துக் கண் எழுதுகிறவர்

முதலில் நடுவிரலை மடக்கி, சிலையின் முதுகில் மூன்று தட்டு. பிறகு அதன் தோளில் காதை வைத்து இன்னொரு தட்டு. அதற்கும் பிறகு பீடத்தின் அடியை நகத்தால் சுரண்டி, அந்தத் தூளை நாக்கில் வைத்துப் பார்க்கிறார். மண்தான் என்று நாக்கு சொன்னால்தான் சுலபா மாத்ரே தூரிகையை எடுப்பார். பேண் என்ற ஊரின் பட்டறைகளிலிருந்து பம்பாய்க்கு லாரி ஏறும் கணபதிகளுக்குக் கண் எழுதுவது அவர் வேலை. நாற்பது வருடமாக அதைத்தான் செய்கிறார்.

டீ குடிக்க எழுந்தால் தூரிகையைக் கொண்டையில் செருகிக்கொள்வார். கீழே வைத்தால் யாராவது இரண்டு மயிரைப் பிடுங்கிவிடுவார்களாம். டீயை முகர்ந்து, "நேத்து காய்ச்சின பாலா?" என்பார். பெயின்ட் அடிக்கும் மெஷினைப் பழுது பார்க்கப் போகும் என்னையும் விட்டுவைத்ததில்லை. "மெஷின் நல்லாத்தானே ஓடுது? மூணு நாளா எதுக்கு வந்து உக்காந்திருக்கே? யாருக்கு வேவு பாக்குற?" அவரைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று சொன்னால் இன்னும் சந்தேகப்படுவார். அதனால் ஒரு போல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டுவேன்.

இது பிறவிக் குணம் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்பு, கணபதிகளைக் கரைத்த மறுநாள் காலை, போகாவதி ஆற்றில் நீர் இறங்கியிருந்தது. சேற்றில் ஒரு சிலை கரையாமல் மல்லாந்து கிடந்தது. துதிக்கை உடைந்து, ஒரு கை போய், கண் மட்டும் அப்படியே. சுலபா அக்கா எழுதிய கண். அது பிளாஸ்டர் சிலை. வேலைக்கு ஆள் போதாமல் அவருடைய தம்பி மதுகர் வெளியில் பத்துச் சிலை வாங்கி, அடியிலும் முதுகிலும் மண் பூசி, தன் பட்டறைச் சிலைகளோடு கலந்து அக்கா முன்னால் வைத்திருக்கிறார். "என்னையே பாத்துச்சுப்பா. நான் நகந்தா அதுவும் கூடவே பாத்துச்சு." இன்றும் அதைச் சொல்வார். மதுகர், இனி மண் சிலை மட்டும்தான் என்று அக்கா தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். அக்கா சத்தியத்தை ஏற்றுக்கொண்டார். தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இந்த வருடம், சதுர்த்திக்கு நான்கு நாள் இருக்கும்போது லேலே வீட்டுச் சிலை அவர் முன்னால் வந்தது. அந்த வீட்டார் மழை தொடங்கும்போதே தங்கள் மணைப்பலகையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் அவர்கள் கணபதி வீட்டுக்குப் போக வேண்டும். அக்கா தட்டினார். சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. சுரண்டி நாக்கில் வைத்தார். நாக்கும் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை.

"வெள்ளிக்கிழமை என்னடா மூட்டை இறக்குனே? தார்ப்பாய் போட்டு மூடி?"

"பிளாஸ்டர்தான்க்கா. அச்சு வேற எதுல வார்க்கிறது?"

"அச்சுக்கு எதுக்குத் தார்ப்பாய்?"

"மழைக்கு."

"சத்தம் ஏன் இப்படி வருது?"

"மண்ணைக் கொஞ்சம் தடிமனா அழுத்திட்டேன்."

வெள்ளிக்கிழமை மழை பெய்தது உண்மைதான். ஆனாலும் மதுகர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் அச்சுகளை அடுக்கிக்கொண்டே பேசியது எனக்கும் உறுத்தியது. அக்காவோடு உட்கார்ந்தால் இந்தப் புத்தி நமக்கும் ஒட்டிக்கொள்கிறது.

"கண்ணு எழுதாத வரைக்கும் இது பொம்மைதான். வாளியக் கொண்டா," என்றார் அக்கா. "கரையலேன்னா இப்பவே எந்திரிச்சுப் போயிடுவேன். செத்தாலும் உன் பட்டறையில தூரிகை தொட மாட்டேன்."

"கரைஞ்சா? லேலே வீட்டுக்கு என்ன பதில் சொல்றது?"

"மொதல்ல கரையட்டும்."

மதுகரே வாளியைக் கொண்டுவந்தார். அக்கா சிலையை இறக்கினார். சுற்றிலும் நூறு கணபதிகள் கண்ணில்லாமல் உட்கார்ந்திருந்தன. அரைமணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. மதுகரின் உதடு வெளுத்துவிட்டது. அக்கா காலுக்குச் செருப்பைத் தேட ஆரம்பித்தபோது பீடத்தின் ஓரம் மெல்லக் கலங்கியது. ஒரு முழங்கால் வழுக்கி விழுந்தது. வயிறு சரிந்தது. அக்கா முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி சேறு எடுத்துப் பிசைந்து பார்த்தார்.

"மண்ணுதான்."

"இப்ப நிம்மதியா?" என்று கேட்ட மதுகர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஐம்பது வயது மனிதர் அப்படி அழுததைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, அவரைச் சந்தேகப்பட்டதற்காக.

தன் வீட்டுப் பூஜைக்கு எடுத்துவைத்திருந்த சிலையை மதுகர் லேலே வீட்டுப் பலகையில் தூக்கி வைத்தார். அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. அது அவருக்குப் பழக்கமில்லை. தானே மண் எடுத்து, தானே குழைத்து, அச்சில்லாமல் வெறும் கையால் ஒரு சாண் கணபதியைத் தம்பி வீட்டுக்குச் செய்தார். மூன்று நாள் மின்விசிறிக்கு முன்னால் வைத்தும் அதன் முதுகில் ஈரம் போகவில்லை.

சதுர்த்திக்கு முந்தின மாலை அக்கா கொண்டையிலிருந்து தூரிகையை உருவினார். சிலையின் முதுகைத் தன் பக்கம் திருப்பினார். நடுவிரலை மடக்கினார்.

"அக்கா, அது நீ பண்ணினது," என்றார் மதுகர்.

அக்கா தட்டினார். சத்தம் வரவில்லை. ஈர மண்ணில் விரல்முட்டி அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. பள்ளத்தைத் தடவிச் சமன் செய்ய மதுகர் ஈரத்துணியை நீட்டினார். அக்கா அதை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, பள்ளத்தை அப்படியே விட்டு, சிலையின் முகத்தைத் திருப்பி, இடது கண்ணை எழுதத் தொடங்கினார்.