பெயர் வெட்டிய சட்டிகள்

காலை பத்து மணி நாற்பது நிமிடம். துறைமுகச் சாலையிலிருந்து பிரியும் தெருவில், வெளிநாட்டுச் சாமான்கள் விற்கும் கடையின் கண்ணாடியில் 'பாதி விலை' என்று கையால் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே மூன்றடுக்கு ஸ்டீல் சட்டிகள் ஐந்து, கண்ணாடி மூடிகளோடு. ஒரு வருடமாக அந்த ரகத்தின் விலையைக் கடைகளிலும் இணையத்திலும் பார்த்து வந்தேன். பாதிக்கு எங்கும் இறங்கியதில்லை.

மனைவிக்கு போன் செய்தேன்.

"தள்ளுபடின்னு எழுதிட்டா ஒங்களுக்குக் கொள்ளிக்கட்டையும் வேணும். கீறல் இருக்கான்னு பாத்து வாங்குங்க."

கீறல் இருந்தது. ஒவ்வொரு சட்டியின் பக்கவாட்டிலும் புள்ளி புள்ளியாக ஒரு பெண்ணின் பெயர், பக்கத்தில் ஓர் ஆணின் பெயர்.

"சரக்குல குத்தம் இல்ல அண்ணாச்சி," என்றார் கடைக்காரர். "கல்யாணத்துக்கு வாங்குனது. மாப்ள கப்பல்ல வேலை. சரக்கு அறைக்குள்ள விழுந்து செத்துட்டான். பேரு வெட்டுனத எந்தக் கம்பெனி திருப்பி எடுக்கும்?"

மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் திருமண அறிவிப்பு ஓலை வாசித்த பிறகுதான் பெண் வீட்டில் சீர்ப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுவார்களாம். அதன்படி காத்திருந்துதான் வெட்டியிருக்கிறார்கள்.

கடை ஓரத்து ஸ்டூலில் இருந்த அம்மாள் எழுந்து வந்தார். பெண்ணின் தாய்.

"நீங்களா வாங்குதீய? பேர மட்டும் அழிச்சிருங்கய்யா. செத்தவன் பேரோட எம் மவ பேரு ஊரார் அடுப்படில கெடக்கக் கூடாது. அவளுக்கு இன்னொரு எடம் பாக்கணும்லா."

"எக்கா, இங்கன வச்சு அழிச்சா பாலிஷ் போயிரும். பெறவு இந்த வெலையும் கெடைக்காது," என்றார் கடைக்காரர்.

"நான் அழிச்சிருதேன்," என்றேன்.

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். தலையசைத்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனேன். தேய்த்தால் அந்த இடம் மங்கிவிடும், பழைய பளபளப்பு திரும்பாது என்றார் பட்டறைக்காரர். ஐந்தையும் அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

கிறிஸ்துமஸ் வாரம் ஆலந்தலையிலிருந்து மனைவியின் தோழி வந்திருந்தாள். தம்பிக்குப் பெண் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். சாப்பிட்டு முடித்ததும் சட்டியைத் திருப்பி, இரண்டு பெயர்களையும் சத்தமாக வாசித்தாள்.

"இவிய யாரு, ஒங்க சொந்தக்காரவியளா?"

மனைவி கடைக்காரர் சொன்னது முழுவதையும் சொன்னாள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை அதே சட்டியில் மிச்சமிருந்த சாளை மீன் குழம்பைச் சூடு பண்ணினோம்.