இரண்டாம் வெள்ளிக்கிழமை

என் பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில், ஒரு நீலக் கடிதம் நாற்பது வருடத்துக்கு மேலாக இருந்தது. மடித்து ஒட்டி அனுப்பும் வெளிநாட்டு விமானத் தபால். அனுப்பியவர் பெயருக்கு மேலே, பொடி எழுத்தில், ‘இரண்டாம் வெள்ளி’ என்று எழுதியிருக்கும். அது எனக்கு வந்த கடிதமில்லை. என் ஓர்ப்படியாளுக்கு வந்தது. நான் திருடி வைத்துக்கொண்டேன். கொஞ்சம் கௌரவமான வார்த்தை கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் பசுமலையில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. மூத்தவர் என் வீட்டுக்காரர், மில் ஆபீசில் குமாஸ்தா. காலையில் சைக்கிளில் போனால் சாயங்காலம் ஆறே காலுக்கு வாசலில் நிற்பார். என் கொழுந்தனாருக்குச் சரக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் ஒன்பது மாதம் கடலில்தான். தெருவே அவர் மனைவியான என் ஓர்ப்படியாளைப் பார்த்து ‘பாவம்’ என்றது. பாவம் யார் என்று எனக்கல்லவா தெரியும்! அவளுக்கு ஊர் ஊராகத் தபால்தலை ஒட்டிய கடிதம் வரும். எனக்கு வருகிறவர் காப்பி கேட்பார். வீட்டிலேயே இருக்கிற புருஷன் எதற்கு எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பொறாமைக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது.

எங்கள் மூன்றாவது கல்யாண நாள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பட்டுப்புடவை கட்டி, இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் சைக்கிளைத் தூக்கிப் படியேற்றி நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “என்ன, யாரு வீட்டுல விசேசம்? நானும் வரணுமா?” என்றார். அடுப்படியில் ஓர்ப்படியாள் களுக்கென்று சிரித்தது கேட்டது. அவள் வேண்டுமென்று சிரிக்கவில்லை. இருந்தாலும் மனதில் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து அவளுக்கு அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. மேலே ‘முதல் வெள்ளி’ என்று எழுதியிருந்தது. கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி அவள் வாசித்தாள். ‘ஜப்பானிலிருந்து கிழக்கே போகப் போகக் கப்பல் கடிகாரத்தை முன்னே தள்ளிக்கொண்டே வருகிறோம். நடுக்கடலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு உண்டு. அதைத் தாண்டும்போது, தள்ளியதையெல்லாம் ஈடுகட்ட, ஒரே நாளை இரண்டு தடவை வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வருடம் அது நம் கல்யாண நாளாக அமைந்துவிட்டது. நாளையும் இதே தேதி போட்டு உனக்கு எழுதுவேன்.’

“அப்ப வெள்ளிக்கெழம விரதம் இருக்கவுக அங்கிட்டு ரெண்டு நாளு பட்டினி கெடக்கணுமாக்கும்?” என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கென்று இருந்த ஒரு நாளை ஒருவர் மறந்துபோகிறார். இவளுக்குக் கடலே ஒரு நாளைக் கூடுதலாக எடுத்துக் கொடுக்கிறது. வயிறு எரிந்தது.

மறுநாள் தபால்காரர் வந்தபோது அவள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளறைக்குப் போய்ப் பிரித்தேன். கொஞ்சல் இருக்கும், படித்துவிட்டு நன்றாக எரிந்து தொலைக்கலாம் என்றுதான் பிரித்தேன்.

‘நேற்றே எல்லாம் எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை திரும்பி வந்து என்ன, நீ இல்லாத நாள் இரண்டானதுதான் மிச்சம். அண்ணனை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. ஆறே காலுக்குச் சைக்கிளைத் தூக்கிப் படியேற்றுவார். துண்டால் சீட்டைத் தட்டுவார். செம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டே, காப்பி இருக்கா என்று கேட்பார். மதினி உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்கள். எனக்கு இந்த இரண்டு வெள்ளியும் வேண்டாம். அண்ணனுடைய ஒரு சாயங்காலம் போதும்.’

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். கரையே தெரியாத இடத்தில் இருந்த மனிதருக்கு எங்கள் வீட்டு வாசற்படி பச்சையாகத் தெரிந்திருக்கிறது. அதைப் படித்ததும் நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். பொறாமையைக்கூட இவ்வளவு அழகாக எழுதுகிறாரே, இப்படி எழுத எனக்கொருவர் இல்லையே என்று அதற்கும் எரிந்தேன். கிழித்துப் பிரித்த கடிதத்தை இனி எப்படிக் கொடுப்பது? அது புடவைக்கு அடியில் போனது.

அவள் ஒரு மாதம் தபால் நேரத்தில் வாசலில் நின்றாள். “ரெண்டாவது நாளு மறந்துட்டாரு போலக்கா” என்றபோது கண் கலங்கியிருந்தது. “கப்பல்ல அம்புட்டு வேலை இருக்கும், விடு ஆத்தா” என்று நான்தான் தேற்றினேன். விடுப்பில் வந்த கொழுந்தனார், சத்தியமாக எழுதிப் போட்டேன் என்றார். “போடாததைப் போட்டேன்னு எதுக்குச் சொல்றீக?” என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

என் வீட்டுக்காரர் போய் ஒரு வருடமாகிறது. ஆறே கால் ஆனால் வாசலைப் பார்க்கிறேன். அவர் சைக்கிளைப் படியேற்றுவதை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. அதனால் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஒரு கட்டத்தில் திருட்டுப் பொருளைப் படித்து அழுகிறோமே என்று வெட்கமாகிவிட்டது. மாடியில் குடியிருக்கும் ஓர்ப்படியாளிடம் கொண்டுபோய், நடந்ததைச் சொல்லிவிட்டு நீட்டினேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த தன் புருஷனைப் பார்த்தாள். “மனுசன் நெசத்தைத்தான் சொல்லியிருக்காரு. நான்தான் இம்புட்டு நாளா நம்பல” என்றாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் வைத்தாள்.

“நீங்களே வச்சுக்கங்கக்கா. எனக்கு இவரு இருக்காரு. இதுக்குள்ள சைக்கிளோட இருக்கது அத்தான்ல.”

வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். இப்படித் தூக்கிக் கொடுக்க ஒரு மனசு வேண்டுமே, அதுவும் அவளுக்குத்தானா வாய்க்க வேண்டும் என்று, சத்தியமாகச் சொல்கிறேன், பொறாமையாகத்தான் இருந்தது.