அப்பாவின் முதல் நரம்பு

மாமாவுக்கு டாக்டர் படிப்பில் முதல் வருடச் செய்முறைத் தேர்வு வந்தபோது, எங்கள் வீட்டில் யாருடைய தலையும் அவரவருக்குச் சொந்தமாக இல்லை. மூளையிலிருந்து பன்னிரண்டு ஜோடி நரம்புகள் நேராகப் புறப்படுகின்றனவாம். அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தெரிந்தால்தான் தேர்ச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தவர், அம்மாவைப் பல்லைக் கடிக்கச் சொன்னார், புருவத்தைத் தூக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். அக்காவையே நாக்கை நீட்டச் சொல்லும் தைரியம் தம்பிக்குப் படிப்பால் வந்துவிட்டது என்று அம்மா சிரித்தாள். எனக்குக் கன்னத்தை உப்பிக் காட்டும் வேலை. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அடுத்து அப்பாவின் முறை. அப்பா ஒரு பால்கோவா கடையில் அடுப்பு மாஸ்டர். பால் அடிப்பிடிக்கப் போவதை எல்லோருக்கும் முன்னால் அவர் மூக்கு கண்டுபிடித்துவிடும் என்று பேர். ஆறு மாதத்துக்கு முன் வத்திராயிருப்பு ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து பின்னந்தலையில் அடிபட்டது. அதிலிருந்து அவருக்கு ஓயாத ஜலதோஷம், அப்படித்தான் சொல்லிக்கொண்டார். லீவு நாட்களில் என்னைக் கடைக்கு அழைத்துப்போய் அடுப்புப் பக்கத்தில் நிற்கவைத்து, "என்ன வாசம் வருது தாயி?" என்று கேட்பார். நானும் பெரிய மனுஷியாக மோந்து சொல்வேன். அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். "அடிபட்டதுல ஏதும் கோளாறுன்னா அடுப்ப விட்டுட்டு மில்லு வேலைக்குப் போயிருங்க" என்று சொல்லியிருந்தாள். மில் என்றாலே அப்பாவின் முகம் சுண்டிவிடும்.

"மொத நரம்பு வாசனைக்கு. கண்ண மூடிக்கோங்க அத்தான்" என்றார் மாமா. மூக்கின் ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கம் காப்பிப் பொடி டப்பாவை நீட்டினார். அப்பா மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

எனக்குப் பொறுக்கவில்லை. சளி பிடித்தவருக்கு மூக்குப் பரீட்சை வைப்பது என்ன நியாயம்? அப்பாவின் பின்னால் உட்கார்ந்திருந்த நான் அவர் முதுகில் விரலால் 'கா' என்று எழுதினேன். முதுகில் எழுதியதைக் கண்டுபிடிப்பது எங்கள் இருவரின் வழக்கமான விளையாட்டு.

"காப்பிப் பொடிதான மாப்ளே" என்றார் அப்பா.

பிறகு கிராம்பு, அப்புறம் சோப்பு. மூன்றும் சரி. முதுகுக்கு வரும் நரம்பு மாமாவின் பன்னிரண்டில் சேராததால் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. "அத்தான் மூக்குக்கு ஒரு கொறையும் இல்லக்கா."

"பொறவு எதுக்கு நான் இம்புட்டு நாளா பயந்து செத்தேன்?" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழியை வெங்காயத்தின் மேல் போட்டாள். எனக்கு ஒரே பெருமை.

மாமா தேர்வில் நல்ல மார்க் வாங்கினார். அப்பாவும் அடுப்பை விடவில்லை. கரண்டியின் இழுவையையும் கொதியின் சத்தத்தையும் வைத்தே பதம் பிடிக்கப் பழகிக்கொண்டார். இன்றும் அவர் கிண்டும் கோவா அடிப்பிடிப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமாவை பஸ் ஏற்றிவிட்டு வந்த அப்பா, என்னைத் தூக்கி உச்சி முகர்ந்தார். எப்போதும் செய்வதுதான். ஆனால் அன்று மூச்சை விட்டு, மறுபடி ஆழமாக இழுத்தார். இன்னொரு தரமும் இழுத்தார். பிறகு, "சீயக்கா வாசம்" என்றார்.

அன்று காலையில்தான் அம்மா எனக்கு முதன்முதலாக ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியிருந்தாள். "தப்பு, தப்பு!" என்று கைகொட்டிச் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார், ஆனால் என்னைக் கீழே இறக்கிவிடவில்லை. நான் முதுகில் எழுதிக் காட்டாததால் தோற்றுவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.