சத்தம் போட ஒரு வீடு தந்த மாதா

என் மகள் சந்தோஷமாக இருந்தால் எங்கள் வீட்டுக்கு முறைப்பாடு வரும். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். நானும் இப்போது சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்துக்காக நான் அழாத நாட்கள் குறைவு. மாதாவிடம் கேட்டு வாங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது நன்றிகெட்ட வேலை. அதனால்தான், அன்பான சகோதரங்களே, நடந்ததை உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

ஸ்ரெல்லாவுக்கு ஒன்பது வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு வரவில்லை. பசித்தால் என் கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப்போவாள். கவலை என்றால் ஒரு மூலையில் போய் இருந்துவிடுவாள், சத்தமே வராது. சந்தோஷம் வந்தால் மட்டும் கத்துவாள். மழை பெய்தால் ஒரு கத்தல், நான் தோசை சுட்டால் ஒரு கத்தல், அப்பா வேலையால் வந்தால் பெரிய கத்தல். என் கணவர் அன்ரன் கதவைத் திறக்கும்போதே "கோயில் மணி அடிச்சிட்டுது" என்பார்.

அப்போது நாங்கள் ஜேர்மனியில், வுப்பர்டால் நகரத்தின் நடுவில், மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழ் வீட்டில் இருந்தவர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்பவர், பகலில்தான் படுப்பார். முதலில் வந்து மரியாதையாகச் சொன்னார். பிறகு கண் சிவக்க வந்து நின்றார். அவரிலும் பிழையில்லை, நித்திரை இல்லாத மனிதன் என்ன செய்வான்? கடைசியில் வீட்டு நிர்வாகம் எழுத்தில் எச்சரித்தது. இப்படியே போனால் வீட்டை விட்டு எழும்ப வேண்டிவரும் என்றார்கள்.

அதன்பிறகு என் வாழ்க்கையே வாயில் விரல் வைப்பதாகிவிட்டது. ஸ்ரெல்லாவின் முகம் மலரத் தொடங்கினாலே நான் ஓடிப்போய் "ஷ்" என்பேன். தோசை சுடுவதை நிறுத்தினேன். அன்ரன் திருடனைப் போலப் பூனை நடை நடந்து வீட்டுக்குள் வருவார். ஒரு பிள்ளை சந்தோஷப்பட்டுவிடக் கூடாதே என்று தாயும் தகப்பனும் பயந்துகொண்டிருப்பதை எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

இனி வாடகை வீடு சரிவராது, எங்களுக்கென்று ஒன்று வாங்குவோம் என்று முடிவெடுத்தோம். அன்ரன் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை, நான் முதியோர் இல்லத்தில் அரைநாள் வேலை. எங்கள் வசதிக்கு நகரத்தின் ஓரங்களில்தான் பார்க்கலாம். எந்த ஓரம் என்று கேட்டால் தமிழ்ச்சனம் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள்: "அமைதியான இடமாப் பாருங்கோ." வீட்டு விளம்பரங்களிலும் முதல் வரி அதுதான். நானும் ஒவ்வொரு இரவும் செபமாலை முடிவில் அதையே கேட்டேன். "மாதாவே, எங்களுக்கு ஓர் அமைதியான வீடு தா."

ஒருநாள் நகரத்தின் ஓரத்தில், ரொன்ஸ்டோர்ஃபில் ஒரு வீட்டைப் போய்ப் பார்க்க டெர்மின், அதாவது நேரம், கிடைத்தது. மலை மேலே, காட்டோரமாக, சின்ன வீடு. எங்கள் கைக்குச் சற்று எட்டாத விலை, ஆனாலும் எட்டிப் பார்க்கலாம் போல இருந்தது. அங்கே இருந்த அமைதியில் என் சப்பாத்துச் சத்தமே எனக்குக் கூச்சமாக இருந்தது. பின்பக்கக் கதவைத் திறந்தார்கள். கீழே புல்வெளியில் ஒரு வெள்ளைக் குதிரை. ஸ்ரெல்லா கண்டாள். கத்தினாள்.

பக்கத்துத் தோட்டத்தில் வேலி வெட்டிக்கொண்டிருந்த மனிதர் மெசினை நிறுத்தினார். இரண்டு யன்னல்கள் திறந்தன. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். வீட்டை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டதாக இரண்டு நாளில் செய்தி வந்தது. காரணம் எதுவாகவும் இருக்கலாம். எனக்கு ஸ்ரெல்லாவின் கத்தல்தான் காரணமாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் பெரிய இடி விழுந்தது. ஸ்ரெல்லா கத்துவதை விட்டுவிட்டாள். மழை பெய்தது. யன்னலுக்கு ஓடினாள். வாயைத் திறந்தாள். பிறகு தன் விரலைத் தானே தன் உதட்டில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், சரியாகச் செய்கிறேனா என்று கேட்பதுபோல. கீழ் வீட்டுக்காரர் படியில் கண்டு நன்றி சொன்னார். நான் மேலே வந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

வருடா வருடம் ஆவணியில் எங்கள் சனம் கெவலார் மாதா திருத்தலத்துக்குப் போவது உங்களுக்குத் தெரியும். அந்த வருடமும் பஸ்ஸில் போனோம். என் பக்கத்தில் திலகா அக்கா, நெற்றியில் திருநீறோடு. சைவக்காரி, ஆனால் ஒரு வருடமும் தவறமாட்டா. கேட்டால், "மாதாவும் அம்மன்தானே, பிள்ளை" என்பா.

பாட்டும் செபமுமாக அவ்வளவு சனம். அதற்கு நடுவில் என் பிள்ளை உதட்டில் விரலோடு நின்றாள். மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு வழக்கமான செபத்தைத் தொடங்கினேன். "அமைதியான" என்ற சொல்லோடு நிறுத்திவிட்டேன். அமைதியான இடத்தில்தானே என் பிள்ளையின் சத்தம் எல்லோருக்கும் கேட்கும்! ஊர் சொன்னதை அப்படியே மாதாவிடம் ஒப்புவித்துக்கொண்டிருந்திருக்கிறேன். "தாயே, நான் பிழையாகக் கேட்டுவிட்டேன்" என்றேன். "எங்களுக்கு அமைதி வேண்டாம். என் பிள்ளை கத்தினால் ஒருவருக்கும் நோகாத ஓர் இடம் தா. அவளுடைய சத்தத்தைத் திருப்பித் தா."

வெளியே வந்து புல்லில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். திலகா அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே தன் மருமகனின் வீடு தேடும் கதையைத் தொடங்கினா.

"லாங்கர்ஃபெல்டிலை ஒரு வீடு பாத்தவர், பிள்ளை. விலை பரவாயில்லை, வளவும் இருக்கு. ஆனால் வேலிக்கு அங்காலை ரெயில் தண்டவாளம்! சாமான் ரெயில் போனால் பக்கத்திலை நிண்டு கதைக்கிறது கேக்காது. மற்றப் பக்கம் கார் கராஜ். ஆருக்கு வேணும் அந்த வீடு?"

"எனக்கு வேணும், அக்கா."

"உனக்கென்ன விசரே?"

அன்ரனும் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டார், கொஞ்சம் மரியாதையாக. "ரெயிலுக்குப் பக்கத்திலையோ? நித்திரை கொள்ளேலாது. பிறகு விக்கவும் ஏலாது. அந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர் கனபேர் எண்டும் சனம் சொல்லுது."

"நாங்கள் மட்டும் என்ன, இஞ்சை முளைச்ச உருளைக்கிழங்கோ? ஒருக்காப் போய்ப் பாப்பம், வாங்கோ."

வீட்டுக்காரர் ஒரு முதியவர். மனைவி இறந்தபின் மகளோடு போய் இருக்கத் தீர்மானித்திருந்தார். நேர அட்டவணை பார்த்து, ரெயில் இல்லாத இடைவெளியில்தான் எங்களுக்கு டெர்மின் தந்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் சாமான் ரெயிலுக்கு ஏது அட்டவணை? நாங்கள் தோட்டத்தில் நிற்கும்போது நிலம் அதிர்ந்தது. பெட்டி பெட்டியாக, முடிவில்லாமல் போனது. முதியவர் களைத்துப்போன முகத்தோடு, "வீடு பார்க்க வருகிற எல்லோரும் ரெயிலைக் கண்டதும் போய்விடுவார்கள்" என்றார்.

நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. ஸ்ரெல்லா வேலியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. வாய் திறந்தது. உடனே விரல் உதட்டுக்குப் போனது.

அன்ரன் அதைப் பார்த்தார். பிறகு முதியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தத் தோட்டத்தில் நின்று ஒருவர் சத்தம் போட்டால் யாராவது வந்து கேட்பார்களா? முதியவர் சிரித்தார். "என் மனைவி இங்கே நின்று தினமும் பாடுவாள். மிக மோசமாகப் பாடுவாள். ஒருவரும் வந்ததில்லை" என்றார்.

"இதுதான் எங்கடை வீடு," என்று அன்ரன் என்னிடம் சொன்னார். அவர் கண் கலங்கி இருந்தது.

விலை எங்களுக்கு எட்டியது. ரெயிலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், எட்டவைத்ததே அதுதான். வங்கி, நோட்டர், கையெழுத்து என்று இழுபட்டு, மாசிக் குளிரில் குடிவந்தோம். சுவாமியார் வந்து வீட்டை மந்திரித்தார். நான் தோசைக்கல்லைத்தான் முதலில் வெளியே எடுத்தேன்.

ஆனால் ஸ்ரெல்லா கத்தவில்லை. தோசையைக் கண்டு விரல். அப்பாவைக் கண்டு விரல். அவள் கையை மெல்ல எடுத்துவிட்டு "இனி வேண்டாம், குஞ்சு" என்பேன், திரும்பவும் வைப்பாள். நான் படிப்பித்த பாடத்தை அவ்வளவு வடிவாகப் படித்துவிட்டாள். வீடு தந்தாய் தாயே, சத்தத்தைத் தரவில்லையே என்று மனம் சோர்ந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நிலம் அதிரத் தொடங்கியது. ஸ்ரெல்லா வேலிக்கு ஓடினாள். விரல் உதட்டுக்குப் போனது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. கூடையைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்று, நான் கத்தினேன்.

கோயில் பாட்டுக் குழுவில்கூட வாய் திறந்து பாடாதவள் நான். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். ஸ்ரெல்லா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஓர் ஆச்சரியத்தை அவள் முகத்தில் நான் கண்டதில்லை. மீண்டும் கத்தினேன். யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று அன்ரன் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார். அப்போதுதான் அவள் விரலை எடுத்தாள்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது. ரெயில் போய்விட்டது, அவள் நிறுத்தவில்லை. கராஜ்காரர் ஒரு காரின் கீழிருந்து எட்டிப் பார்த்து, கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். நானும் அன்ரனும் ஈர உடுப்புகளுக்கு நடுவில் முழங்காலில் நின்றோம்.

பழைய கீழ் வீட்டுக்காரரைப் போன மாதம் கடையில் கண்டேன். பிள்ளை சுகமா என்று கேட்டார். கண்ணில் சிவப்பு இல்லை. அவருக்கும் நித்திரை கிடைத்திருக்கிறது. மாதா ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுக்கிறவள் இல்லை.

வீடு தேடி அலைகிறவர்களே, மற்றவர்கள் நல்லது என்று சொன்னதை மாதாவிடம் கேட்டுக் களைக்காதீர்கள். உங்கள் வீட்டில் எது நோகிறதோ அதை அப்படியே சொல்லுங்கள். வேறு யாருக்கும் வேண்டாத ஒன்றை உங்களுக்கென்று பொத்தி வைத்திருப்பாள்.

சனிக்கிழமைகளில் பின்னேரம் எங்கள் வீட்டில் செபமாலை சொல்கிறோம். திலகா அக்காவும் வருகிறா. நீங்களும் வாருங்கள், தோசை இருக்கும். ரெயில் வந்தால் செபத்தை நிறுத்த வேண்டாம், கொஞ்சம் உரத்துச் சொன்னால் போதும். கடைசியில் ஆமென் சொல்வது ஸ்ரெல்லா, தன் கத்தலால். காதைப் பொத்திக்கொள்ளாதீர்கள்.