ஊருக்கெல்லாம் ஒரே நெட்டு

எங்கள் மாதா கோயில் பங்கில் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் ஒரே நெட்டுதான். தலையில் வைத்து முதுகு வரைக்கும் தொங்கவிடும் வெள்ளை வலைத்துணியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஐம்பதுகளில் திண்டுக்கல்லில் அதைச் சொந்தமாக வாங்கும் அளவுக்கு எங்களில் யாருக்கும் கொழுப்பு இல்லை. கன்னியர் மடத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் அந்த நெட்டும், அதன் மேல் வைக்கும் மெழுகுப் பூமுடியும் இருக்கும். கல்யாணத்துக்கு முதல் நாள் போய் வாங்கிவர வேண்டும், முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எனக்குக் கல்யாணம் பேசி முடித்தபோது அப்பா இல்லை. நான் சிறுசாக இருக்கும்போதே போய்விட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு வெள்ளைச்சேலைதான். அப்படிக் கட்டு என்று வேதத்தில் இல்லை, சாமியாரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. ஆனால் எங்கள் முன்னோர் ஞானஸ்நானம் வாங்கப் போனபோது பழைய வழக்கத்தில் ஒன்றைக்கூட வெளியே இறக்கி வைக்கவில்லை போலிருக்கிறது. மூட்டை முடிச்சோடுதான் கோயிலுக்குள் நுழைந்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரே ஒரு ஆசை. அம்மா கையால் நெட்டு வைத்துக்கொண்டு பீடத்துக்குப் போக வேண்டும். அதைச் சொன்ன அன்றே அப்பாவின் அக்கா, எங்கள் வீட்டு ஹைகோர்ட்டான அத்தை, தீர்ப்பு எழுதிவிட்டார்.

"ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கூறச்சேல, தாலி, நெட்டு, எதுலயும் ஒங்காத்தா கை படக்கூடாது. நெட்ட நான் வைக்கிறேன். ஒங்காத்தா பின்னாடி தூணுகிட்ட நின்னு செபம் சொல்லட்டும்."

அம்மா சரியென்று தலையாட்டினாள். எனக்கு அத்தை மேல் வந்த கோபத்தைவிட அந்தத் தலையாட்டல் மேல் வந்த கோபம் அதிகம்.

ஏனென்றால் ஊருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அம்மா மடத்துத் தையல் அறையில் வேலை பார்த்தாள். பீடத்து விரிப்புக்குப் பூ வேலை செய்கிறாள் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. ஒவ்வொரு கல்யாணத்திலிருந்தும் அந்த நெட்டு எண்ணெய்ப் பிசுக்கோடும் கிழிசலோடும் திரும்பி வரும். அதைப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் அலசி, கிழிந்த கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தைத்து, தண்ணியாகக் கஞ்சி போட்டு, நிழலில் காயவைத்துப் பெட்டிக்குள் வைப்பது அம்மாதான். அத்தையின் மகளே அதைப் போட்டுத்தான் தாலி கட்டிக்கொண்டாள். புருஷன், பிள்ளைகுட்டி என்று கொழுகொழுவென்று இருக்கிறாள்!

"நான் அத்தைகிட்ட இப்பவே போய்ச் சொல்றேன்," என்று கிளம்பினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாயத் தொறந்தே, ஒன் கல்யாணத்துக்கே வரமாட்டேன். வெளிய தெரிஞ்சா நாளப்பின்ன ஒரு பொண்ணு அந்தப் பொட்டியத் தொடுவாளா? மடத்து மதரு மனசு நொந்துபோவாகத்தா."

வாயை மூடிக்கொண்டேன். என் வாயை மூடுவது லேசுப்பட்ட காரியமில்லை.

அடுத்து சேலை. மாப்பிள்ளையின் அம்மா பள்ளிக்கூட டீச்சர், நாகரிகம் தெரிந்தவர். தாலி கட்டியபின் மாற்றிக்கொள்ள அரக்குக் கூறை இருக்கட்டும், ஆனால் கோயிலுக்குள் பெண் வெள்ளைப் பட்டில்தான் நுழைய வேண்டும் என்று சொல்லிவிட்டார். அத்தைக்கு ஒரு கணம் மூச்சே நின்றது. மாப்பிள்ளை வீட்டை எதிர்க்க முடியுமா? மறுகணம், "அதுக்கென்ன, மாதாவே வெள்ளையிலதான நிக்கிறா!" என்றார். அதே வெள்ளையை அம்மா கட்டினால் மாதா நினைவு வராது, சகுனம்தான் நினைவு வரும்.

சின்னாளப்பட்டியில் ஒரு நெசவுக்காரர் வீட்டுக்குப் போனோம். அம்மாவை வாசற்படியில் உட்காரச் சொல்லிவிட்டு, அத்தையும் டீச்சரும் என்னோடு உள்ளே வந்தார்கள். "நல்ல வெள்ளையா ஒரு சேல காட்டுங்க," என்றார் டீச்சர். நெசவுக்காரர் வாசலில் இருந்த அம்மாவைப் பார்த்தார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"எப்பம்மா காரியம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"காரியமா? கல்யாணம்யா!" என்று டீச்சர் போட்ட சத்தத்தில் தறிச் சத்தமே நின்றுவிட்டது. நெசவுக்காரர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஒன்றும் விளங்காமல் கல்யாணத்துக்கு ஒன்று, காரியத்துக்கு ஒன்று என்று ரெண்டு விதமும் எடுத்துப் போட்டார். ஓரத்து வெள்ளிச் சரிகையைக் கழித்துவிட்டால் ரெண்டும் ஒரே வெள்ளைதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தை என் தொடையில் கிள்ளினார்.

கல்யாணத்தன்று நாலு வீட்டு இரவல் நகையை என் கழுத்தில் ஏற்றி, கோயிலை ஒட்டிய அறையில் உட்காரவைத்தார்கள். அத்தை செபம் சொல்லிக்கொண்டே நெட்டை எடுத்து வைத்தார். அது வழுக்கிக் காதுக்கு வந்தது. ஊசியைக் குத்தினார். மண்டையில்தான் குத்தியது. "ஆத்தாடி!" என்று அலறினேன். பூமுடி ஒருபக்கம் சாய்ந்தது, நெட்டு மறுபக்கம் இறங்கியது. வெளியே பூசை மணி அடித்துவிட்டார்கள்.

அப்போது மடத்து மதர் உள்ளே வந்தார். பிரெஞ்சு தேசத்துக்காரர், புத்தகம் பார்த்துத் தமிழ் படித்தவர்.

"இதன் உட்புற நாடாவைக் கொண்டையின் கீழே கட்ட வேண்டும். தாங்கள் அறியமாட்டீர்கள். இத்தனை மணப்பெண்களின் நெட்டையும் துவைத்துத் தைத்துத் தருபவர் இப்பெண்ணின் தாய் அல்லவா? அவர் எதற்காகத் தூணின் பின்னால் நிற்கிறார்?"

அத்தையின் மகள் இடுப்புப் பிள்ளையோடு நின்றிருந்தாள். அவள் கை தானாகப் போய்த் தன் தலையைத் தொட்டது. அங்கே நின்ற பாதிப் பேர் அந்த நெட்டுக்குள் இருந்து வந்தவர்கள்தானே? தோஷம் என்று ஒருத்தி வாய் திறந்தால் அத்தனை பேர் தாலிக்கும் பதில் சொல்ல வேண்டும். அத்தை கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "கூப்பிடுங்கடி," என்றார். பந்தியில், கூப்பிடச் சொன்னதே தான்தான் என்று பெருமை பேசினார், அது வேறு.

அம்மா வந்தாள். ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு, செத்த நேரத்தில் நாடாவை முடிந்து நெட்டை நிறுத்தினாள். முடித்ததும் தூணைப் பார்த்துத் திரும்பினாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுத்தா. ரெண்டு வெள்ளச்சேல பக்கத்துல பக்கத்துல போனா பாக்க நல்லா இருக்காது."

"சின்னாளப்பட்டிக்காரருக்கே வித்தியாசம் தெரியல. நீ வாம்மா," என்றேன்.

வந்தாள். பீடத்துப் படி வரைக்கும் என் கூடவே வந்தாள். நெட்டு அசையவே இல்லை.