யூட்டாவுக்குப் புறப்பட்ட சின்னத் தங்கை

ஹரோவில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் கேத்தில் கொதித்தால் இந்தப் பக்கம் கேட்கும். ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்த எங்களோடு, தெருவில் முதலில் வாய் திறந்து கதைத்தவர் அந்தச் சுவருக்கு அப்பால் தனியாக இருந்த ஆங்கிலேய அம்மாதான். எண்பத்தைந்து தாண்டியவர். பார்வையின் நடுப்பகுதி போய், ஓரம் மட்டும் மிஞ்சியிருந்தது. "உன் முகம் தெரிய வேண்டுமென்றால் நான் உன் காதைப் பார்க்க வேண்டும்" என்பார். இப்படி ஏதாவது சொல்லுவார் என்பதற்காகவே நான் வேலியோரம் நின்று நேரம் போக்குவேன்.

அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. அவருடைய அம்மம்மா, ஆறு வயதில் லண்டனில் விட்டுச் செல்லப்பட்ட பிள்ளை. குடும்பம் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்து, இருந்ததையெல்லாம் விற்று, கப்பலேறி அமெரிக்கா போய், அங்கிருந்து கைவண்டி இழுத்துக்கொண்டு சபையார் குடியேறிய யூட்டாவுக்கு நடந்த காலம். புறப்பட நாலு நாள் இருக்கையில் மூத்தவளான அவளுக்குச் சின்னமுத்து அம்மை போட்டுவிட்டது. அவளை அத்தையிடம் விட்டு, நாலு வயதுத் தங்கையை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த கப்பலில் கூப்பிடுவதாகப் பேச்சு. அத்தைக்கோ அந்தச் சபை என்றால் ஆகாது. வந்த கடிதங்களை அடுப்பில் போட்டாள் என்று பிற்காலத்தில் கதை.

"தங்கை அங்கே சேர்ந்தாளா என்று அவள் சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. "அந்தக் கேள்வியை என் அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா என்னிடம் கொடுத்தாள். எனக்குக் கொடுக்க ஆளில்லை."

சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் இறக்கிவிட்டால் எனக்கு மூன்று மணித்தியாலம் சும்மா கிடக்கும். மோர்மன் சபையினர் நடத்தும் குடும்ப வரலாற்று நிலையத்துக்கு யாரும் போகலாம். பழைய பதிவேடுகளைப் படம் பிடித்த சுருள்களைக் கேட்டால் அமெரிக்காவிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். முதல் தடவை அவரையும் கூட்டிப் போனேன். படிகள் முழங்காலைப் பழிவாங்கின. பிறகு நான் தனியே.

அங்கே கம்பளி வெஸ்ட் போட்ட ஒரு முதியவர் தொண்டராக இருந்தார். நான் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, திரையில் எழுத்துகள் ஓடும். "மெதுவாகச் சுற்றப்பா, கப்பலேறாமலே உனக்கு வாந்தி வரப்போகிறது" என்பார்.

முதலில் கப்பல் பட்டியல் கிடைத்தது. தகப்பன், தாய், பெண் குழந்தை, வயது நாலு. அந்த ஒரு வரியைப் பக்கத்து வீட்டு அம்மா என்னை மூன்று தரம் வாசிக்க வைத்தார்.

அதற்கும் இரண்டு மாதம் கழித்து, அதே கூட்டத்தோடு நடந்த ஒருவருடைய நாட்குறிப்பு வந்தது. கையெழுத்தை அந்த முதியவர்தான் படித்துச் சொன்னார். காய்ச்சலில் கிடந்த அந்தக் குழந்தை விடியற்காலையில் இறந்தது. போர்வையில் சுற்றி ஆற்றங்கரையில் புதைத்தார்கள். எட்டு மணிக்குப் புறப்பட்டார்கள். யூட்டாவில் பதிவான பெயர்களில் தாயும் தகப்பனும் இருந்தார்கள். மூன்றாவது பெயர் இல்லை.

முதியவர் என் தோளில் கைவைத்தார். நல்ல பிரதி எடுத்து அனுப்புவதாகச் சொல்லி அந்த அம்மாவின் விலாசம் கேட்டார். யோசிக்காமல் கொடுத்தேன்.

எங்கள் ஆட்கள் சாவுச் செய்தியை ஒரேயடியாகச் சொல்ல மாட்டார்கள். என் அண்ணை இறந்ததை அம்மாவுக்குச் சொல்ல மூன்று நாள் எடுத்தோம். முதல் நாள் காயம் என்றோம். அடுத்த நாள் கடுமை என்றோம். மூன்றாம் நாள் சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து பேசாமல் இருந்தார்கள், அம்மாவுக்கே விளங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

"வழியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது" என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னேன். "கடுமையான காய்ச்சல்."

எங்கள் ஆட்களுக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கியிருக்கும். அவர் "பிறகு?" என்றார்.

"தாயும் தகப்பனும் யூட்டாவுக்குப் போய்விட்டார்கள்."

"அப்படியென்றால் காய்ச்சல் மாறிவிட்டது!" மேசையில் தட்டினார். "எங்கள் குடும்பம் அப்படித்தான். சின்னமுத்து மூத்தவளை என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை!" சிரித்தபடி அழுதார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மீதியை நாளைக்குச் சொல்லலாம் என்று எழுந்து வந்தேன்.

இரண்டாம் நாள் மனைவி கேட்டாள்: "இஞ்சாருங்கோ, அவ சாப்பாடு கொண்டுவாற பெட்டைக்கும் சொல்லிப்போட்டா, தங்கச்சி யூட்டாவுக்குப் போய்ச் சேர்ந்திட்டாவெண்டு. நீங்கள் என்னப்பா சொன்னனீங்கள்?"

"காய்ச்சல் எண்டுதான் சொன்னனான்."

"வெள்ளைக்காரருக்குக் காய்ச்சல் எண்டால் காய்ச்சல்தான். போய் நேரை சொல்லுங்கோ."

"நீயும் வாறியோ?"

"ஐயோ, என்னாலை ஏலாது."

சொல்லத்தான் இரண்டு தரம் போனேன். ஒருமுறை அவர் பிஸ்கட் டின்னைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். மற்ற முறை தங்கைக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை விவசாயியாக இருக்க வேண்டுமாம், ஐந்து பிள்ளைகளாவது இருக்குமாம். "அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத் தேடு" என்றார். சரி என்றேன். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு வாசலில் காருக்குள்ளேயே இருந்தேன். தேட அங்கே என்ன இருந்தது?

ஐந்தாவது வாரம் கூப்பிட்டார். கையில் ஒரு தடித்த உறை. "யூட்டாச் செய்தி. வாசி."

வாசிக்க என்னை விட்டால் வேறு ஆளில்லை. முதியவர் அன்பாக எழுதியிருந்தார். முதல் வரியே, 'உங்கள் நண்பர் முன்பே சொல்லியிருப்பார்' என்று தொடங்கியது. நிறுத்தினேன்.

"என்ன?"

"வெளிச்சம் காணாது."

அவர் எழுந்து, தனக்கு ஒரு பயனுமில்லாத விளக்கைத் தடவிப் போட்டுவிட்டு வந்து இருந்தார். அதன் பிறகு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் வாசித்தேன். போர்வை, ஆறு, எட்டு மணி.

"அன்றைக்கேவா புறப்பட்டார்கள்?"

"ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

"உனக்கு எப்போது தெரியும்?"

"ஐந்து வாரமாக."

"ஐந்து வாரம்" என்றார். "நான் அவளை வளர்த்து, கல்யாணம் செய்து வைத்தேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய்." சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். என் அம்மாவுக்குச் சொல்ல மூன்று நாள் எடுத்த கதையைச் சொல்ல நினைத்தேன். அந்த அறையில் அதை எந்த முனையில் தொடங்குவது என்று தெரியவில்லை.

அடுத்த சனி பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து மணி அடித்தேன். கதவு சங்கிலியோடு நாலு விரல் அகலம் திறந்தது. அவர் என் காதுப் பக்கம் பார்த்தார், அதாவது என்னைத்தான் பார்த்தார்.

"இன்றைக்கு வேண்டாம், நன்றி" என்றார். வாசலில் ஏதாவது விற்க வருபவர்களுக்குச் சொல்லும் அதே மரியாதைக் குரல்.

கதவு சாத்திய பிறகும் படியில் நின்றேன். பிள்ளைகளைக் கூட்டிவர இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருந்தது.